டெட்வுட்: பாதியில் நின்ற தொடரைப் பெட்டியோடு வாங்கலாமா?

கேள்வி இதுதான்: “டெட்வுட் நல்ல தொடர் என்கிறார்கள். ஆனால் மூன்று சீசனோடு பாதியில் நின்றுவிட்டதாமே, போதாக்குறைக்கு வாயைத் திறந்தால் கெட்டவார்த்தையாமே. ஓடிடியில் பார்த்துவிட்டுப் போனால் போதாதா? ப்ளூ-ரே பெட்டி வாங்கி வைக்கும் அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறதா?”

வாங்குங்கள். ஒருமுறை பார்த்து மூடிவைக்கிற தொடர் இல்லை இது. முதல் சுற்றில் வசனத்தில் பாதி காதைத் தாண்டிப் போய்விடும். யார் யாரை மிரட்டினார், யார் யாருக்கு விலைபோனார் என்பது இரண்டாம் சுற்றில்தான் பிடிபடும். ஆனால் சந்தையில் பல பெட்டிகள் இருக்கின்றன, எல்லாம் ஒன்று கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

1870களின் அமெரிக்கத் தங்க வேட்டை ஊர் ஒன்றைப் பற்றிய தொடர் இது. 2004 மார்ச் 21 அன்று ஹெச்பிஓ என்ற அமெரிக்கக் கட்டண சேனலில் தொடங்கி 2006 ஆகஸ்டில் முடிந்தது. சீசனுக்கு 12 என்று மொத்தம் 36 எபிசோடுகள். உருவாக்கியவர் டேவிட் மில்ச். யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து அங்கேயே பாடமும் நடத்தியவர். பிறகு தொலைக்காட்சிக்கு வந்து ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ எழுதினார், ஸ்டீவன் போச்கோவோடு சேர்ந்து ‘என்ஒய்பிடி ப்ளூ’வை உருவாக்கினார். ஹெச்பிஓவிடம் அவர் முதலில் கொண்டுபோனது கௌபாய் கதையே இல்லை. நீரோ மன்னன் காலத்து ரோமில் காவல் வேலை பார்ப்பவர்களைப் பற்றிய கதை. சட்டம் என்று ஒன்று சரியாக உருவாகாத இடத்தில் ஒழுங்கு எப்படி வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஹெச்பிஓ கையில் ஏற்கெனவே ஒரு ரோம் தொடர் இருந்ததால், அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் கருங்குன்றுகளுக்கு (பிளாக் ஹில்ஸ்) போனார்.

இடத்தேர்வில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தப்படி அந்தக் குன்றுகள் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரியவை. 1874இல் கஸ்டர் தலைமையில் போன ராணுவக் குழு அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி கொண்டுவந்ததும், கூட்டம் கூட்டமாக ஆட்கள் அத்துமீறிக் குடியேறினார்கள். ஆக 1876இல் டெட்வுட் என்ற ஊரே சட்டவிரோதம். அங்கே யாருக்கும் நிலப் பட்டா கிடையாது, நீதிமன்றம் கிடையாது, ஷெரிஃப் கிடையாது. கொலை நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இதைத் தொடர் எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறது என்பதற்கு முதல் சீசனின் ஜாக் மெக்கால் விசாரணையைப் பாருங்கள். 1876 ஆகஸ்ட் 2 அன்று, சீட்டாடிக்கொண்டிருந்த பேர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கை மெக்கால் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். இது வரலாறு. ஊர்க்காரர்களே கூடி நீதிமன்றம் போலொன்றை நடத்தி அவனை விடுதலை செய்தார்கள். பிறகு யாங்க்டன் நகரில் அவனை மறுபடி விசாரித்து 1877 மார்ச் 1 அன்று தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை செல்லுமா என்றால், ஊரே சட்டவிரோதம் எனும்போது அதன் தீர்ப்பும் செல்லாது என்பது பதில். தொடரில் இந்த விசாரணைக்குப் பின்னால் சாராயக்கடைக்காரன் ஆல் ஸ்வேரெஞ்சனின் கணக்கு ஓடுகிறது. எங்களிடம் சட்டம் இருக்கிறது என்று இந்த ஊர் ஓங்கிச் சொன்னால், தன்னிடமே எல்லா அதிகாரமும் இருப்பதாக நினைக்கும் வாஷிங்டனுக்குக் கோபம் வரும். மெக்காலை விட்டுவிடுவதே ஊருக்கு நல்லது.

ஸ்வேரெஞ்சன்தான் தொடரின் அச்சு. ஜெம் என்ற சாராயக்கடையும் விபசார விடுதியும் நடத்துபவன், கொலைகாரன். இயன் மெக்‌ஷேன் இந்தப் பாத்திரத்துக்காக 2005இல் கோல்டன் குளோப் வாங்கினார். எதிரே, ஷெரிஃபாகும் சேத் புல்லக்காக டிமதி ஒலிஃபன்ட். வழக்கமான வெஸ்டர்ன் என்றால் இந்த இருவரும் தெருநடுவில் துப்பாக்கியோடு நின்று முடித்துக்கொள்வார்கள். இங்கே முதல் சீசன் முழுக்க நீங்கள் பார்ப்பது, ஊரின் பெரிய அயோக்கியன் மெல்ல மெல்ல ஊர் நிர்வாகியாக மாறுவதை. அவன் திருந்துகிறான் என்று நினைக்க வேண்டாம். வியாபாரம் நடக்க ஒழுங்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் துப்பாக்கியே வராது. ஊரில் அம்மை பரவுகிறது. முக்கியஸ்தர்கள் ஜெம் கடையின் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள்: போட்டி விடுதிக்காரன் சை டாலிவர், மருத்துவர் காக்ரன், பத்திரிகைக்காரர் மெரிக், ஹோட்டல்காரன் ஃபார்னம். நோயாளிகளுக்குத் தனிக் கூடாரம் எங்கே போடுவது, தடுப்பு மருந்து வாங்க யார் குதிரையில் போவது, செலவு யாருடையது, பத்திரிகையில் என்ன எழுதுவது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். மேசையில் டின்னில் அடைத்த பீச் பழம் வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே பீச் வருகிறது. கூட்டம் என்றால் பீச் வைக்க வேண்டும் என்பது அதற்குள் சம்பிரதாயமாகிவிட்டது! அந்தப் பின்கூட்டத்தில்தான் மேயர் பதவி உருவாகிறது, அதில் ஃபார்னம் போன்ற ஒரு கோழை தானே முன்வந்து உட்கார்ந்துகொள்கிறான். அரசாங்கம் பிறப்பதை இவ்வளவு சிரிப்போடு காட்டிய வேறு தொடரை நான் பார்த்ததில்லை.

இனி அந்தக் கெட்டவார்த்தை விஷயம். உண்மைதான், மழை மாதிரி கொட்டும். 1876இல் மக்கள் இப்படியா பேசினார்கள் என்ற சண்டை தொடர் வந்த நாளிலிருந்து நடக்கிறது. அந்தக் கால வசவுகளில் பெரும்பகுதி கடவுள் பெயரை இழுத்துத் திட்டுபவை. அன்று கேட்டவர்களுக்கு உடம்பு கூசியிருக்கும், இன்று கேட்டால் கார்ட்டூன் கௌபாய் பேசுவதுபோல் சிரிப்பு வரும். அதனால் இன்றைய காதைக் கூச வைக்கும் வசவுகளைப் போட்டேன் என்பது மில்ச்சின் விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் வசவோடு நின்றுவிட்டவர்கள் மீதிப் பாதியைக் கவனிக்கவில்லை. அந்த வசவுகளுக்கு நடுவே ஓடுவது விக்டோரியா காலத்துக் கடித நடை: நீண்ட வாக்கியங்கள், வினைச்சொல் கடைசிவரை தள்ளிப்போகும் அமைப்பு, பைபிளும் ஷேக்ஸ்பியரும் படித்தவர்களின் வளைவுகள். தரை துடைத்தபடியே ஃபார்னம் தனக்குத்தானே புலம்பும் இடங்கள் மேடை நாடகத்தின் தனிமொழிகளேதான். சீனர் சந்தின் தலைவர் வூவோ ஒரே ஒரு ஆங்கில வசைச்சொல்லையும் ஸ்வேரெஞ்சனின் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு, கரித்துண்டால் படம் வரைந்து காட்டி ஒரு முழு வழக்கையே நடத்திவிடுகிறார்.

எனவே சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள். தமிழ் வசனவரி எந்தப் பெட்டியிலும் கிடையாது. ஆங்கில வரிகள் இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரலாற்றை மில்ச் தன் வசதிக்கு வளைத்திருக்கிறார். நிஜ புல்லக்கும் அவர் கூட்டாளி சால் ஸ்டாரும் ஊருக்குள் வந்தது 1876 ஆகஸ்ட் 1. ஹிக்காக் சாவதற்கு முந்தைய நாள். தொடரில் புல்லக்குக்கும் ஹிக்காக்குக்கும் இடையே வரும் நட்புக்கு நேரமே இருந்திருக்காது. நிஜ ஜெம் திறந்தது 1877 ஏப்ரலில். நிஜ ஸ்வேரெஞ்சன், மேடையில் வேலை தருவதாகச் சொல்லிப் பெண்களை வரவழைத்து விடுதியில் தள்ளிய கொடியவன். மெக்‌ஷேனுடைய கவர்ச்சி எதுவும் அவனுக்கு இருந்ததற்கான சாட்சியம் இல்லை. மூன்றாம் சீசனின் பூதம் ஜார்ஜ் ஹர்ஸ்ட் நிஜ மனிதர்தான். ஹோம்ஸ்டேக் சுரங்கத்தை 1877இல் வாங்கிய முதலாளி, பிறகு கலிஃபோர்னியாவின் செனட்டர், பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டால்ஃப் ஹர்ஸ்டின் தந்தை. அந்தச் சுரங்கம் 2002 வரை ஓடியது.

குறையும் சொல்லிவிடுகிறேன். யாருடைய நிலத்தில் இவ்வளவும் நடக்கிறதோ, அந்த லகோட்டா மக்களுக்குத் தொடரில் வாயே இல்லை. பெட்டிக்குள் வைத்த ஒரு வெட்டுண்ட தலையாக வருகிறார்கள். ஸ்வேரெஞ்சன் அதனிடம் மனம்விட்டுப் பேசுகிறான், அது கேட்டுக்கொண்டிருக்கிறது. மில்ச் அதை எள்ளலாகத்தான் வைத்திருக்கிறார் என்று வாதாடலாம். 36 மணி நேரத்துக்கு அந்த எள்ளல் போதவில்லை என்பது என் எண்ணம். 1877இல் காங்கிரஸ் சட்டம் போட்டுக் குன்றுகளைப் பறித்துக்கொண்டதையும், 1980இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னதையும், பணம் வேண்டாம் நிலத்தைக் கொடுங்கள் என்று சூ மக்கள் (லகோட்டாக்கள் இவர்களில் ஒரு பிரிவு) இன்றுவரை அதை வாங்க மறுப்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும்.

இப்போது பெட்டிகளுக்கு வருகிறேன். தொடரின் தலையெழுத்தை அதன் டிவிடி தேதிகளிலேயே படித்துவிடலாம். முதல் சீசன் டிவிடி 2005 பிப்ரவரியில் வந்தது. மார்ச் 6 அன்று இரண்டாம் சீசன் ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டாம் சீசன் டிவிடி 2006 மே 23. ஜூன் 11 அன்று மூன்றாம் சீசன். பழைய சீசனைக் கடையில் விற்றுப் புதிய சீசனுக்கு ஆள் சேர்ப்பது அப்போதைய வியாபார முறை. மூன்றாம் சீசன் டிவிடி 2007 ஜூன் 12 அன்று வந்தபோது, அதைத் தொடர்ந்து வர நான்காம் சீசன் இல்லை. இரண்டு நாள் முன்பு ஹெச்பிஓவில் தொடங்கியிருந்தது மில்ச்சின் வேறொரு தொடர், ‘ஜான் ஃப்ரம் சின்சினாட்டி’.

ஏன் நின்றது? பார்வையாளர் இல்லாமல் இல்லை. செலவு பிடித்த தொடர். அதோடு ஹெச்பிஓ தனியாக எடுத்ததும் இல்லை. பாரமவுண்ட் ஸ்டுடியோ பங்காளி, வெளிநாட்டு உரிமை அவர்கள் கையில். செலவைத் தூக்கும் ஹெச்பிஓவுக்கு வெளிநாட்டு வரவு முழுதாக வராது. 2006 மே மாதம் நடிகர்களின் ஒப்பந்தங்களை நீட்டிக்காமல் விட்டார்கள். ஆறு எபிசோடில் முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள், மில்ச் ஒப்பவில்லை. பதிலுக்கு இரண்டு மணி நேரப் படங்கள் இரண்டு எடுப்பதாக அறிவித்தார்கள். அவை வரவேயில்லை. மூன்றாம் சீசன் ஒளிபரப்பாகும்போதே இது கடைசி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் எழுதும்போது மில்ச்சுக்கு அது தெரியாது. அவர் அடுத்த சீசனை மனதில் வைத்துத்தான் எழுதி முடித்திருந்தார். ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சி, ஸ்வேரெஞ்சன் மண்டியிட்டுத் தரையில் ரத்தக்கறையைத் தேய்ப்பது, தற்செயலாக ஒரு நல்ல முடிவாக அமைந்துவிட்டது. யாருடைய ரத்தம் என்று சொல்லமாட்டேன்.

2008 டிசம்பரில் மூன்று சீசனையும் சேர்த்து முழுத் தொடர் டிவிடி பெட்டி வந்தது. 2010 நவம்பரில் ப்ளூ-ரே பெட்டி, 13 வட்டுகள். வாங்கினால் இந்த ப்ளூ-ரேதான். படம், ஒலி இரண்டுக்கும் காரணம் உண்டு.

படம் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. எண்ணெய் விளக்கு வெளிச்சம், புகை, சேறு, பழுப்பு மரப்பலகை. காட்சிகளில் பாதி இருட்டு. டிவிடியின் 480 வரிகளில் அந்த இருட்டு கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஜெம் கடையின் மாடி மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் அங்கே இருப்பதே தெரியாது. ப்ளூ-ரேயில் அவர் முகம் தெரிகிறது. இந்தத் தொடரில் பின்னணியில் நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை, அதனால் இது சின்ன விஷயம் இல்லை. படத்தில் மணல்துகள்போலத் தெரிவது ஃபிலிமின் இயல்பு, கோளாறு இல்லை. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் மெழுகுபொம்மையாகத் தெரிவார்கள்.

ஒலியில் இன்னொன்று. பிரிட்டன், ஐரோப்பாவில் விற்ற டிவிடிகள் அங்கே வழக்கத்தில் இருந்த ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்தவை. விநாடிக்கு 24 சட்டகமாக எடுத்ததை 25ஆக ஓட்டுவார்கள், அதாவது சுமார் 4 சதவீதம் வேகம் கூடும். சண்டைப் படத்துக்கு யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். பேச்சின் தாளத்தையே நம்பி நிற்கும் தொடரில், மெக்‌ஷேன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும் இடைவெளிகூட அளந்து வைத்ததாக இருக்கும்போது, அந்த 4 சதவீதம் உறுத்தும். ப்ளூ-ரேயில் 24தான்.

வட்டார எண்ணைப் பார்க்காமல் பழைய பெட்டி வாங்கிவிட வேண்டாம். டிவிடி என்றால் அமெரிக்கா, கனடாவுக்கு 1, பிரிட்டனுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, இந்தியா, இலங்கைக்கு 5. ப்ளூ-ரேக்கு எழுத்துகள்: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ, பிரிட்டன் பி, இந்தியா, இலங்கை சி. பெட்டியின் பின்புறத்தில் ஒரு சின்னத்துக்குள் இருக்கும். உங்கள் பிளேயர் எதை எடுக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி வாங்கினால் 13 வட்டும் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் பகுதிகளுக்காகவும் வட்டு வேண்டும். முதல் எபிசோடுக்கு மில்ச் தானே கமென்டரி, அதாவது காட்சி ஓட ஓட விளக்கம், பேசியிருக்கிறார். ஹிக்காக்காக நடித்த கீத் கேரடைன் அவரைப் பேட்டி எடுக்கும் ‘தி நியூ லாங்குவேஜ் ஆஃப் தி ஓல்ட் வெஸ்ட்’ கட்டாயம் பார்க்க வேண்டியது. தங்கத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு பொய்யிலிருந்துதானே என்று மனிதர் பேராசிரியராகவே மாறிவிடுவார். இரண்டாம் சீசனின் முதல் இரு எபிசோடுகளுக்குத் தலைப்பே ‘ஒப்புக்கொள்ளப்பட்ட பொய்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. படப்பிடிப்பன்று காலையில்தான் வசனம் நடிகர்கள் கைக்கு வரும், தரையில் படுத்தபடி மில்ச் சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்வார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு அந்த நடிப்பைப் பார்ப்பது வேறு அனுபவம். முழுத் தொடர் பெட்டியில் சேர்ந்த ‘தி மீனிங் ஆஃப் எண்டிங்ஸ்’ இன்னும் முக்கியம். எடுக்காமல் போன மீதிக் கதையைப் பற்றியும் முடிவு என்பதைப் பற்றியும் மில்ச் பேசுவது. 2008இல் இதை வாங்கியவர்களுக்கு அதுதான் கடைசி எபிசோடு.

பெட்டியில் இல்லாதது 2019இல் வந்த படம். டேனியல் மினாஹன் இயக்கம், எழுத்து மில்ச். கதை 1889இல், தெற்கு டகோட்டா மாநிலமாகும் நாளில் நடக்கிறது. செனட்டராகத் திரும்பி வருகிறார் ஹர்ஸ்ட். டாலிவராக நடித்த பவர்ஸ் பூத் 2017இலேயே காலமாகிவிட்டார். தனக்கு அல்சைமர் நோய் இருப்பதை மில்ச் வெளிப்படையாகச் சொன்னதும் 2019இல்தான். இது தெரிந்து பார்த்தால் படத்தின் மெதுநடைக்கு வேறு கனம் வந்துவிடும். தனி ப்ளூ-ரேயாகக் கிடைக்கிறது. ‘முழுத் தொடர்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி, படமும் உள்ளே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஓடிடி போதாதா என்றால், இருக்கும்வரை போதும். இந்தியாவில் ஹெச்பிஓ நிகழ்ச்சிகள் 2023 மார்ச் 31-ஓடு டிஸ்னி+ ஹாட்ஸ்டாரிலிருந்து நீங்கி ஜியோசினிமாவுக்குப் போயின, 2025இல் இரண்டும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. இடையில் பாதி சீசனில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேலே சொன்ன கமென்டரியும் அங்கே வராது.

பார்க்கும் முறை: முதல் நான்கு எபிசோடுகளை இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஹிக்காக் சாகும் நான்காவது எபிசோடுவரை அது ஒரு வெஸ்டர்ன் போலவே நடிக்கும், அதன் பிறகுதான் தன் சொந்தக் கதைக்கு வரும். மெக்காலாக நடித்த காரெட் டிலஹன்ட் இரண்டாம் சீசனில் ஹர்ஸ்டின் ஆளான வால்காட்டாக வேறு முகத்தோடு வருவார். பெட்டியில் வட்டு மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். மூன்றாம் சீசன் ஐந்தாவது எபிசோடில் ஸ்வேரெஞ்சனின் அடியாள் டேன் டாரிட்டியும் ஹர்ஸ்டின் அடியாள் கேப்டன் டர்னரும் சேற்றில் போடும் சண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். மூன்று சீசன் முடிந்ததும் மில்ச்சின் ‘தி மீனிங் ஆஃப் எண்டிங்ஸ்’, பிறகு கொஞ்ச நாள் விட்டு 2019 படம். கமென்டரியை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பின்னால் நடப்பதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள்.